நாலாவது வீட்டுச் சுவர்

இளவேனி தவழ ஆரம்பித்தது ஏழாவது மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி வாக்கில், அவள் அம்மா பூங்கோதை உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில். தவழ ஆரம்பித்த குழந்தை பாயைவிட்டு இறங்கி, சிமெண்டுத் தரையில் உள்ளங்கைகளைப் பட்பட்டென்று ஊன்றி, கிழக்குப் பக்கமாகவே போய், சுவர் வந்ததும் நிற்காமல், வாத்துக்குஞ்சு குளத்துக்குள் இறங்குவதுபோல் சுவருக்குள் இறங்கி, அடுத்த வீட்டில் வெளியே வந்தாள்.

பூங்கோதை திரும்பிப் பார்த்தபோது பாய் மட்டும் இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், துணிக்கூடைக்குப் பின்னால் பார்த்தாள், குளியலறைக்கு ஓடி வாளிக்குள்கூடப் பார்த்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சரசக்காவின் குரல் கேட்டது.

"பூங்கோத, உன்ற புள்ள இங்க வந்திருக்குது. ஈரத்துணியோட வந்திருக்குது. மாத்துத்துணி எடுத்துட்டு வா."

அது நாமக்கல்லில் சேலம் ரோட்டை ஒட்டிய ஒரு லைன் வீடு. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக நாலு வீடுகள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். முதல் வீட்டில் பூங்கோதையும் அவள் புருஷன் சதாசிவமும். அவன் லாரிப் பட்டறையில் பெயிண்டர். இரண்டாவது வீட்டில் சரசக்காவும் அவள் வீட்டுக்காரர் மாதேசனும். அவர் ஹோட்டல்களுக்கு முட்டை போடுகிறவர், அதனால் அந்த வீட்டில் மனுஷர் நடக்க ஒற்றையடிப் பாதை போக மீதி இடமெல்லாம் முட்டை அட்டைகள் கோபுரம் கோபுரமாக நிற்கும். அன்றைக்கு இளவேனி அந்தக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு முட்டையும் அசையாமல் தவழ்ந்து வந்து சரசக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்திழுத்ததாகச் சரசக்கா சொன்னாள். அவள் ஆச்சரியப்பட்டது அதற்குத்தான். சுவரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வாரம் வரைக்கும் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளையும் தூக்கி வந்து சுவரில் முட்டவைத்துப் பார்த்து, பிள்ளைகள் அழுததும் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டு ஓனர் வந்து சுவரை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார், காரை உதிர்கிறதா என்று குனிந்து பார்த்தார், உதிரவில்லை என்றதும் "ஆணி மட்டும் அடிச்சுப்போடாதீங்க" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டுப் போனார். தடுப்பூசி போட வந்த நர்சம்மா அட்டையை விரித்து, "தவழுதா?" என்று கேட்டாள்.

"தவழுதுங்க. செவுத்துக்குள்ளயும் போவுதுங்க" என்றாள் பூங்கோதை.

நர்சம்மா அட்டையை மேலும் கீழும் பார்த்தாள். தவழ்வதற்குக் கட்டம் இருந்தது, சுவருக்கு இல்லை. தவழ்வதில் டிக் அடித்துவிட்டு, "வேற தொந்தரவு ஏதும் இல்லையே, காய்ச்சல் சளின்னு?" என்று கேட்டாள். இல்லை என்றதும் ஊசியைப் போட்டாள். அத்தோடு ஊர் அதை மறந்துபோயிற்று. இந்தியாவின் எந்த மூலைக்கும் லாரி போகிற ஊர் அது, அசாமுக்கும் ஒரிசாவுக்கும் போய்த் திரும்புகிற டிரைவர்கள் இதைவிடப் பெரிய சங்கதிகளோடுதான் டீக்கடையில் வந்து உட்காருவார்கள்.

இப்படியாக இளவேனி சுவர் புகுந்து போவதும் வருவதும் வாடிக்கையாயிற்று. உடுத்திய துணியும் காலில் போட்ட கொலுசும் அவளோடு வரும், கையில் பிடித்தது எதுவும் வராது. அதனால் ஒவ்வொரு சுவரோரத்திலும் கிலுகிலுப்பை, சீப்பு, பாதி கடித்த உருளைக்கிழங்கு, சதாசிவத்தின் ஒற்றைச் செருப்பு என்று ஒரு சின்னக் குவியல் கிடக்கும். சாயங்காலமானால் பெண்கள் அதைப் பிரித்து அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இரண்டாவது வாரம் மூன்றாவது வீட்டுக்குப் போனாள். அங்கே இருந்தவள் பர்வீன். வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள், புருஷன் கல்ஃபில் இருந்தான், ஊசியும் கத்திரியும் தரையெல்லாம் கிடக்கிற வீடு. முதல் நாள் மெஷினின் மிதிகட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கை வந்து நின்றதைப் பார்த்துப் பர்வீன் அப்படியே காலைத் தூக்கிக்கொண்டாள். அன்று சாயங்காலமே காந்தம் ஒன்று வாங்கி நூலில் கட்டி, தினமும் விடிந்ததும் வீடு முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தாள். கொலுசுச் சத்தம் சுவருக்குள் கேட்க ஆரம்பித்தால் மெஷின் நின்றுவிடும். "பூங்கோதக்கா, வந்துட்டா" என்று ஒரு குரல் வரும். அப்புறம் குழந்தை போன பிறகுதான் மெஷின் ஓடும்.

மூன்றாவது வாரம் நாலாவது வீட்டுக்குப் போனாள்.

நாலாவது வீட்டில் இருந்தவன் தேவராசு. நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, தினமும் இரவு பெங்களூருக்கு வண்டி ஓட்டிவிட்டுக் காலை எட்டு மணிக்கு வந்து கதவைச் சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பான். குடிவந்த அன்று, "பாத்திரத்தைக் கொஞ்சம் மெதுவாக் கழுவுங்க, பகல்ல தூங்கறவன்" என்று சொன்னதுதான் அவன் அந்த வரிசையில் பேசிய ஒரே பேச்சு. அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் கதவு திறந்தது. லுங்கியும் பனியனுமாக, கலைந்த தலையோடு, இளவேனியை இரண்டு கையாலும் ஸ்டீயரிங் பிடிக்கிறதுபோல் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். குழந்தையின் கையில் அவன் மீசை மயிர் இரண்டு இருந்தது.

"இது யாருதுங்க?"

"என்றதுங்கண்ணா" என்று பூங்கோதை ஓடினாள்.

கொடுத்துவிட்டு உள்ளே போனவன் திரும்பி வந்தான். தொண்டையைச் செருமினான். "தங்கச்சி, என்ற ஊட்டுக்கு அந்தப்பக்கம் ஊடு இல்லீங்க. ரோடுங்க."

எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதுவரை ஒருத்தர் வாயிலும் அது வரவில்லை. சரசக்கா கையிலிருந்த முட்டை அட்டையைக் கீழே வைத்தாள். பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த லாரிகளின் சத்தம் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பதுபோல் பூங்கோதைக்குக் கேட்டது. ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எவ்வளவு பாரம், எவ்வளவு வேகம் என்று தெரிந்தது.

அன்று பட்டறையிலிருந்து வந்த சதாசிவம் வேறு வீடு பார்க்கலாம் என்றான். பூங்கோதை சொன்னாள்: "அங்கயும் செவுரு இருக்குமல்லங்க. அந்தச் செவுத்துக்குப் பொறத்தால யாரு இருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. இங்க தெரியும்."

சதாசிவத்துக்குத் தெரிந்த வைத்தியம் பெயிண்ட். லாரியின் பின்பக்கம் வரைகிற திருஷ்டி பூதத்தை, கோரைப்பல்லும் தொங்கும் நாக்குமாக, தேவராசு வீட்டுச் சாலைப்பக்கச் சுவரில் ஆளுயரத்துக்கு வரைந்தான். இளவேனி அதைப் பார்த்துக் கெக்கலித்துச் சிரித்து, முத்தம் கொடுக்கப் போனாள். தேவராசுக்குத்தான் தூக்கம் போயிற்று. மூன்றாம் நாள் அதன்மேல் வெள்ளையடித்தார்கள்.

கடைசியில் வழி சொன்னவன் தேவராசுதான். கயிற்றுக்கட்டிலை எடுத்துச் சாத்திவிட்டு, சாலைப்பக்கச் சுவரை ஒட்டி, சுவரின் நீளத்துக்குத் தரையில் மெத்தையை விரித்துப் படுத்துக்கொண்டான். அவனைத் தாண்டாமல் ரோட்டுக்குப் போகமுடியாது. குழந்தை மூன்று வீடு கடந்து வந்து அவன் மேல் ஏறும், பாதியில் நிற்கும், மீசையைப் பிடிக்கும், லாரி போகிற சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்கும், "ட்ர்ர்ர்" என்று எச்சில் தெறிக்கச் சொல்லும், பிறகு அவன் நெஞ்சிலேயே கவிழ்ந்து தூங்கிவிடும். அவனும் தூங்குவான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பூங்கோதை போய்க் கூப்பிட்டால், இரண்டு பேரும் ஒரே மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

எல்லாம் நல்லபடியாகவே போயிற்று, ஒன்றைத் தவிர.

ஒருநாள் சரசக்கா மஞ்சள்கருவைப் பாலில் குழைத்து ஊட்டும்போது ஸ்பூனில் டிங்கென்று ஒரு சத்தம் கேட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "பூங்கோத! உன்ற புள்ளைக்குப் பல்லு வந்திருச்சு, தெரியுமா?" பூங்கோதைக்குத் தெரியாது. கை தட்ட ஆரம்பித்தது பர்வீன் வீட்டில், மெஷினின் தாளத்துக்கு. முதல் சொல் என்று ஒன்று உண்டென்றால் அந்த "ட்ர்ர்ர்"தான், அது தேவராசு வீட்டில். ஒவ்வொன்றையும் யாராவது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சந்தோஷமாகச் சொல்ல, பூங்கோதை இந்தப் பக்கமிருந்து சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வாள். அன்றைக்குப் பல் விஷயம் கேட்டவள் குளியலறைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே வராமல் அழுதாள். பெற்றதும் பால் கொடுத்ததும் தான், பார்த்ததெல்லாம் மற்றவர்கள் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

குழாய்ச் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். குளிக்கிற தண்ணீர் விழுகிற சத்தம் வேறு, சும்மா ஓடுகிற தண்ணீர்ச் சத்தம் வேறு என்று சரசக்காவுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு மற்ற மூன்று வீடுகளிலிருந்தும் எந்தச் செய்தியும் வரவில்லை. குழந்தை ஒரு மாதமாகப் புதிதாக ஒன்றும் செய்யவில்லையே என்று பூங்கோதை கவலைப்பட ஆரம்பித்தாள். ஒரு மத்தியானம் மடியில் இருந்த இளவேனி திடீரென்று கையை ஆட்டி டாட்டா காட்டியதும் கூச்சல் போட்டாள். "பர்வீன்! வேனி டாட்டா காட்டறா! ஓடி வா!" பர்வீன் வந்து, "அட, அப்படியாக்கா, எப்பருந்து?" என்று கேட்டாள்; கேட்ட குரலில் ஆச்சரியம் ஒரு பிடி அதிகமாக இருந்தது. குழந்தையோ பர்வீனைப் பார்த்ததும் மிகப் பழகிய வேலையைச் செய்கிறவள்போல் மணிக்கட்டை இரண்டு தரம் சுழற்றி, ஒரு விரலை மடக்கிக் காட்டினாள். பர்வீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பூங்கோதைக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "இப்பத்தான், இந்த நிமிசம்" என்றாள்.

பத்தாவது மாதம் பிறந்து நாலைந்து நாள் இருக்கும். சரசக்கா மாதேசனின் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு ஈரோடு போயிருந்தாள். பர்வீன் கல்யாண வீடு ஒன்றுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போயிருந்தாள். எட்டரை மணிக்குத் தேவராசு போன் செய்தான். தொப்பூர் மலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன, வர மத்தியானம் ஆகும் என்றான்.

"புள்ளைய எறக்கி விட்றாதீங்க தங்கச்சி. இடுப்புலயே வெச்சுக்கங்க."

வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைத்தபடியே அடுப்பைப் பற்றவைத்தாள், துணி அலசினாள், வெங்காயம் உரித்தாள். இளவேனி வளைந்தாள், நெளிந்தாள், கிழக்கே கையை நீட்டி அழுதாள், அம்மாவின் தோளைக் கடித்தாள். பதினோரு மணிக்குப் பூங்கோதையின் கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. முடியைக் கட்டுகிற நேரத்துக்கு, இரண்டு கையும் தேவைப்பட்ட அந்த நேரத்துக்கு மட்டும், குழந்தையைக் கீழே விட்டாள்.

கொலுசு சுவருக்குள் போயிற்று.

"வேனி!" என்று சுவரில் அறைந்தாள். முட்டைகளுக்கு நடுவே கொலுசு போகிற சத்தம் கேட்டது. வெளியே ஓடினாள். சரசக்கா வீட்டில் பூட்டு, பர்வீன் வீட்டில் பூட்டு, தேவராசு வீட்டில் பூட்டு. ஒவ்வொரு கதவையும் ஒரு தரம் இழுத்துவிட்டு, நிற்காமல் வீட்டு மூலையைச் சுற்றி ரோட்டுப் பக்கம் போனாள்.

சுவருக்கும் தாருக்கும் நடுவே மூன்று எட்டு அகலத்துக்கு மண். அந்த மண்ணில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். குழந்தை எங்கே வெளிவரும் என்று தெரியாது. கண்ணைச் சுவரின் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டிக்கொண்டே இருந்தாள். லாரி ஒவ்வொன்றும் போகும்போது புடவை பறந்து முகத்தை மூடியது, அவள் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

ஒரு லாரி வேகம் குறைந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினான். "ஏனுங்க, என்னாச்சுங்க? ரோட்டோரத்துல நிக்கறீங்க?"

"என்ற புள்ள வரப்போவுதுங்க."

"எங்கிருந்துங்க?"

"இந்தச் செவுத்துல இருந்துங்க."

அவன் உள்ளூர்க்காரன். வேறு எதுவும் கேட்காமல், வண்டியைப் பின்னால் எடுத்து, அவளுக்கும் ரோட்டுக்கும் நடுவே மதில்போல் நீளவாக்கில் நிறுத்தினான். விளக்கை மினுக்கவிட்டு, இறங்கி நின்று பின்னால் வருகிற வண்டிகளைக் கையைக் காட்டி ஒதுக்கிவிட்டான்.

குழந்தை வரவில்லை.

பூங்கோதை சுவரில் காதை வைத்தாள். முதலில் லாரிகளின் அதிர்வு மட்டும் இருந்தது. பிறகு அதற்குள், அவள் முழங்கால் உயரத்தில், பட் என்று ஒரு சத்தம். பட், பட். உள்ளங்கை. குழந்தை சுவரைத் தட்டுகிறாள்; தட்டினால் சுவர் தட்டுப்படுகிறது. அதற்கு முன்னால் இப்படி ஒரு சத்தம் அந்தக் குழந்தையிடமிருந்து எந்தச் சுவரிலும் வந்ததில்லை.

கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு சத்தம் சற்று மேலே கேட்டது. பூங்கோதை குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். பட். இன்னும் சற்று மேலே, தொடை உயரத்தில். ஒரு கை, அப்புறம் மறு கை. மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு இடைவெளி. பிறகு இரண்டு கையும் சேர்ந்து, அவள் இடுப்புக்குச் சற்றுக் கீழே, பட்பட்பட்பட்டென்று, ஒரே இடத்தில், அவசரமும் பெருமையுமாக.

"நிக்கறா" என்றாள் பூங்கோதை. லாரி டிரைவர் அருகே வந்தான். "செவுத்தப் புடிச்சு நிக்கறாளுங்க."

நிற்பதற்குச் சுவர் வேண்டுமல்லவா, பிடித்தால் பிடிகொடுக்கிற சுவர். அது குழந்தைக்கு எப்படித் தெரிந்தது என்று யாருக்கும் தெரியாது. பூங்கோதை அந்தச் சத்தம் வருகிற இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள். அந்தப் பக்கம் அவள் மகள் தட்டினாள், இந்தப் பக்கம் அவள் கையில் அது கேட்டது. ஒரு செங்கல் கனம்தான் நடுவில். அப்படியே நின்றிருந்தாள், பொத்தென்று ஒரு சத்தமும் அதைத் தொடர்ந்து ஒரு பெரிய அழுகையும் வரும்வரைக்கும்.

தேவராசு வீட்டு ஜன்னல் பக்கம் ஓடி வந்து கம்பி வழியே பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். தேவராசு வரும்போது பன்னிரண்டரை. பூட்டைத் திறக்க அவனுக்கு மூன்று தரம் ஆயிற்று. உள்ளே இளவேனி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளைச் சுண்ணாம்பு. அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்பதுபோல் திரும்பி, பர்வீன் வீட்டுச் சுவரை நோக்கித் தவழ்ந்து போய், ணங்கென்று முட்டிக்கொண்டாள்.

அவள் வாழ்க்கையில் முதல் புடைப்பு அது. வலியைவிட அதிகமாக, தெரிந்தவர் ஒருவர் பேச்சு மாறிவிட்டதுபோல் அழுதாள். பூங்கோதை தூக்கித் தோளில் போட்டு நெற்றியைத் தேய்த்தாள். "எல்லாருக்கும் அப்படித்தான் கண்ணு" என்றாள். "எல்லாருக்கும் இடிக்கும்."

மற்ற மூன்று வீடுகளில் அந்த வாரம் யாருக்கும் எதுவும் சரியாக ஓடவில்லை. சரசக்கா முட்டை அட்டைகளைச் சுவரோரம் நெருக்கி அடுக்கினாள், மறுநாள் திரும்பவும் நகர்த்தி வழி விட்டாள். தெருவில் எந்தக் குழந்தையின் கொலுசு கேட்டாலும் பர்வீனின் கால் மிதிகட்டையிலிருந்து எழும்பிக்கொண்டது. தேவராசு கட்டிலுக்குத் திரும்பினான். நெஞ்சில் பாரம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று ஒரு தலையணையை மேலே வைத்துக்கொண்டு படுத்தான், அது மீசையைப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்கோதை பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சதாசிவம் உள்ளே குழந்தைக்குக் காவல் இருந்தான், அதாவது பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். திடீரென்று முன்வாசல் பக்கமிருந்து சரசக்காவின் அலறல்.

"பூங்கோத! ஓடியா! நான் பாக்கல! நான் ஒண்ணும் பாக்கல!"

சோப்புக் கையோடு ஓடி வந்தாள். வாசலில் சரசக்கா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பர்வீன் துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். வேலை முடிந்து அப்போதுதான் வந்த தேவராசு, சாப்பாட்டுப் பையோடு, இவர்களுக்கு முதுகைக் காட்டி வேலியைப் பார்த்தபடி விறைப்பாக நின்றான். நிலைப்படிக்கு உள்ளே இளவேனி வயிற்றைப் படியின்மேல் போட்டு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றுவரை அவள் தானாக ஒரு வாசற்படியையும் தாண்டியதில்லை.

பூங்கோதை மண்ணிலேயே உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை.

"தாண்டிட்டாளா?" என்றாள் சரசக்கா விரலுக்குள்ளிருந்து.

"இன்னும் இல்லீங்கக்கா."

குழந்தை காலைக் கீழே விட்டுப் பார்த்தாள், தரை எட்டவில்லை, இழுத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து யோசித்தாள். உள்ளே பேப்பர் சரசரப்பது நின்றது.

"இப்ப?"

"ஒரு கால் வெளிய வந்திருச்சுங்க."

"சாமி, எனக்குக் கழுத்து வலிக்குது" என்றான் தேவராசு வேலியிடம்.

"இருங்கண்ணா, இருங்க" என்றாள் பூங்கோதை. இளவேனி படியைக் கட்டிப்பிடித்தபடி பின்பக்கமாகச் சறுக்கி, கால்விரல் மண்ணில் பட்டதும் அதிர்ந்துபோய், பிடியை விட்டு, வெளியே வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மண்ணை ஒரு பிடி அள்ளி, அது கையோடே இருப்பதைப் பார்த்தாள்.

பூங்கோதை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போதுமட்டும் பார்த்துவிட்டு, ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பாத்துட்டனுங்கக்கா. எல்லாரும் திரும்புங்க."